கோடு போடாத தகடு

டாக்டர் தன் கட்டைவிரல் நகத்தைக் காகிதத்தின் மேல் மெதுவாக நகர்த்தினார். மேல் மூலையில் தொடங்கி, குறுக்காக இறங்கும் கறுப்புக் கோட்டின் மேலேயே போனார். பாதி வழியில் நின்றார். திரும்ப மேலே வந்து, இன்னொரு முறை இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். பத்மா மேடம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் எங்கள் அச்சுக்கூடம். நான் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் கையில் ஒரு துடைக்கும் துணியோடு நின்றிருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் அந்தத் துணி.

"ஏனுங்க மேடம்," என்றார் டாக்டர், தலையைத் தூக்காமலே. "இந்தக் கோடு உள்ள போகுதுங்களே."

"உள்ளேன்னா?" என்று மேடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்களே தொட்டுப் பாருங்க. மேல எழும்பியில்லீங்க இருக்கோணும்?"

மேடம் சிரிப்பை நிறுத்தினார். நான் துணியை இன்னொரு முறை மடித்தேன்.

அவர் எதைக் கண்டுபிடித்தார், நான் என்ன செய்து வைத்திருந்தேன் என்பதைச் சொல்ல ஒரு ஏழெட்டு மாதம் பின்னால் போக வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வருஷம் கேட்காதீர்கள். செல்வி ஒன்றாம் வகுப்பு படித்தாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அது யாருடைய இன்ஷியல்?

பிரஸ் சக்கரம் என் கால் விரலில் இறங்கிய கதையைப் போன வாரம் எழுதினேன். அதைப் படித்த ஒரு வாசகர், கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "படத்தின் கீழே பென்சிலில் ஏபி என்று எழுதியிருக்கும் என்றீர்களே, அது யாருடைய இன்ஷியல்?" என்று கேட்டிருக்கிறார். கால் நன்றாக இருக்கிறது ஐயா. அது யாருடைய இன்ஷியலும் இல்லை.

செம்புத் தகட்டில் படத்தைக் கீறி, கீறலுக்குள் மையை நிரப்பி, மேலே ஈரக் காகிதத்தை வைத்து பிரஸ்ஸில் அழுத்தி எடுப்போம். ஒரு தகட்டிலிருந்து பதினைந்து பிரதிதான் என்று மேடம் முடிவு செய்தால் பதினைந்துதான். ஒவ்வொன்றின் கீழும் 1/15, 2/15 என்று எண் விழும். அந்தக் கணக்குக்கு வெளியே, ஓவியர் தனக்கென்று இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளலாம். அதுதான் ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப், சுருக்கமாக ஏபி.

சில அச்சுக்கூடங்களில் ஏபியைக் கடைசியில் எடுப்பார்கள். மேடம் முதலிலேயே எடுத்துவிடுவார். காரணம் உண்டு. ஊசியால் செம்பை நேரடியாகக் கீறும்போது கோட்டின் ஓரத்தில் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் வெல்வெட் மாதிரி ஒரு கறுப்பைத் தரும். ஐந்தாறு முறை உருளைக்கு அடியில் போய் வந்தால் பிசிறு நசுங்கிவிடும். பத்தாவது பிரதியில் அந்தக் கறுப்பு இருக்காது. ஆக, நல்ல கறுப்பு ஓவியரின் பெட்டிக்குள் போய்விடும். மற்றவர்களுக்கு மிச்சம்.

இது தெரிந்த சேகரிப்பாளர்கள் ஏபிக்காகத் தவம் கிடப்பார்கள். ஓரத்தில் மேடம் பென்சிலில் கிறுக்கியிருந்தால் இன்னும் விசேஷம். ஒருவர் டீ டம்ளர் வட்டம் பதிந்த ஏபிதான் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கிப் போனார். இன்னொரு ஏபியின் மூலையில் மை பட்ட விரல் ரேகை ஒன்று விழுந்திருந்தது. வாங்கிய அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "படைத்த கையின் அடையாளம்" என்று உருகிப்போனார். அது என் கட்டைவிரல். இப்போதும் பெங்களூரில் ஏதோ ஒரு ஹாலில் கண்ணாடிக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். நானும் மேடமும் அன்று வாயைத் திறக்கவே இல்லை.

குறுக்கே ஒரு பெருக்கல் குறி

பதினைந்து பிரதியும் மூன்று ஏபியும் எடுத்து முடித்தபின் ஒரு சடங்கு உண்டு. தகட்டைச் சாகடிப்பது என்று நான் சொல்வேன். மேடத்துக்கு அந்தச் சொல் பிடிக்காது. எஃகு ஊசியால் மூலைக்கு மூலை ஆழமாக இரண்டு கோடு இழுத்து ஒரு பெருக்கல் குறி போடுவோம். பிறகு அந்தக் குறியோடு ஒரே ஒரு அச்சு எடுத்து ஃபைலில் வைப்போம். ரத்துப் பிரதி. இந்தத் தகட்டில் இனி யாரும் திருட்டுத்தனமாகப் பதினாறாவது எடுக்க முடியாது என்பதற்கு அதுதான் சாட்சி.

மேடம் மேல்கோட்டைக்காரர். சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களோடு பேசும் பழைய தமிழ் எனக்குப் பாதி விளங்காது. என்னோடு பேசும்போது மட்டும் கன்னடம் கலந்த மைசூர்த் தமிழுக்கு இறங்கி வருவார். ஓவியப் பள்ளியில் பாடம் எடுத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, யாருக்கும் பயப்படாதவர். ஆனால் தான் வரைந்த தகட்டில் கோடு போட மட்டும் கை வராது. "நீயே போட்டுடு சரசு, நான் ஸ்வல்ப வெளிய போய்ட்டு வந்துடறேன்" என்று தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார்.

எனக்கு அந்தக் கூச்சம் எல்லாம் இல்லை. சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டி, அது மூடிப்போய், அப்புறம் இங்கே வந்தவள் நான். தகடு என்றால் தகடு. தேவராஜா மார்க்கெட்டின் பூக்கடை வரிசைப் படத்தை இரண்டே இழுப்பில் கிழித்தேன். சாமுண்டி மலை நந்தியைக் கிழித்தபோது மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மறுநாள் மலையேறி மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன். அதோடு சரி.

அப்புறம் மேடம் செல்வியை வரைந்தார்.

பள்ளி விட்டதும் செல்வி கொட்டகைக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் ஈரம் ஒற்றும் காகித அடுக்கின் மேல், தலைக்கு ஒரு கம்பளியை மடித்து வைத்துக்கொண்டு, ஒருக்களித்துத் தூங்கிப்போனாள். மேடம் என்னைச் சத்தம் போடாதே என்று கையால் அமர்த்திவிட்டு, ஒரு தகட்டை மடியில் வைத்து நேராக ஊசியாலேயே கீற ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். முகமும் தலையணையும் மட்டும். கண் இமை முடியை மட்டும் கடைசியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார்.

முதல் ஏபியை உரித்து எடுத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த இமை! தொட்டால் திறந்துவிடும்போல் இருந்தது. பதினைந்தாவது பிரதியில் இமை மெலிந்து சாதாரண கோடாகிவிட்டது. அந்த மூன்று ஏபியில் மட்டும்தான் என் பிள்ளை அப்படித் தூங்கினாள்.

எல்லாம் எடுத்து முடித்த வாரம் மேடத்துக்கு பம்பாயில் கண்காட்சி. பெட்டியைக் கட்டிக்கொண்டே, "அந்தத் தகட்டுக்குக் கோடு போட்டு, ரத்துப் பிரதி எடுத்து ஃபைல்ல வச்சிடு சரசு" என்றார்.

"சரிங்க மேடம்" என்றேன்.

சிவப்பு மைக் கோடு

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை இந்தத் தொடரில் சொல்லவில்லை. சொல்லாமலே தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

செல்விக்கு முன்னால் எனக்கு ஒரு மகன் இருந்தான். குமரேசன். இரண்டரை வயதில் மூளைக் காய்ச்சலில் போய்விட்டான். மூன்று நாள்தான். அழுது தீர்ந்த பிறகு, ரேஷன் கார்டில் பேர் எடுக்க வேண்டும் என்றார்கள். நான்தான் போனேன். அந்த அலுவலகத்தில் இருந்தவர் கெட்டவர் இல்லை. ஒரு அடிஸ்கேலை எடுத்து, அவன் பேருக்கு மேல் வைத்து, சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். "ஆய்த்து, தகொள்ளி" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார். முடிந்தது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

கோடு நேராக இருந்தது. பேர் கோட்டுக்கு அடியில் தெரிந்துகொண்டே இருந்தது. சர்க்கரை வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன்.

மேடம் பம்பாய் போன அன்று மத்தியானம் தகட்டை மேசையில் வைத்து ஊசியைக் கையில் எடுத்தேன். மூலையில் முனையை வைத்தேன். கோடு எங்கே போகும் என்று கண்ணால் அளந்தேன். நெற்றி, கண், கன்னம், தாடை. அந்தப் பக்கக் கோடு காது, கன்னம், வாய். இரண்டும் சந்திக்கும் இடம் கன்னம்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் செல்விக்குக் காய்ச்சல் வந்தது.

எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். தகட்டில் முனையை வைத்ததற்கே காய்ச்சல் என்றால், கோட்டை இழுத்திருந்தால்? மாதேஸ்வரன் மலைக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. நல்லபடியாகக் கொள்ளேகால் போய், பஸ் மாறி, மலைக்குப் போய் முடி இறக்கிவிட்டும் வந்தோம். ஆனால் மலைக்குப் போகும் முன்பே நான் அந்தத் தகட்டில் வாசலின் தடவி, பழைய புடவையில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டிருந்தேன்.

பம்பாயிலிருந்து வந்த மேடம், "கோடு போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டாச்சுங்க" என்றேன்.

அவர் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றே விஷயம் முடிந்திருக்கும். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பல் டாக்டரின் கடிதம்

கோயமுத்தூரில் ஒரு பல் டாக்டர். ஏபி மட்டுமே சேர்ப்பவர். எண் போட்ட பிரதியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பாராம். பம்பாய் கண்காட்சியில் "தூங்கும் குழந்தை"யைப் பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் யோசித்து, கடைசியில் கடிதம் போட்டார். ஒரு ஏபி வேண்டும், நேரில் வருகிறேன். அதற்குக் கீழே இன்னொரு வரி. முன்பு ஒரு முறை ஏமாந்திருக்கிறேன், ரத்துப் பிரதியையும் காட்டினால் நிம்மதியாக வாங்குவேன்.

மேடம் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "நல்லா விஷயம் தெரிஞ்ச மனுஷன். ஞாயித்துக்கிழமை வர்றாராம். ஃபைலை எடுத்து வை" என்றார்.

அன்று புதன்கிழமை.

அந்த மூன்று நாளை எப்படி ஓட்டினேன் என்று இப்போதும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? கோடு போடாத தகட்டை எட்டு மாதம் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள் ஒருத்தி. திருட்டுப் பிரதி போடத்தான் என்று யாரும் நினைப்பார்கள். மேடத்தின் பேர் நாறிவிடும். என்னை அன்றே வெளியே அனுப்புவார், அது நியாயமும்கூட. சரி, இப்போதே கோட்டைப் போட்டுவிடலாம் என்றால், வியாழக்கிழமை காலையில் செல்வி பள்ளிக்குப் போகும்போது ஒரு தும்மல் போட்டாள். ஒரே ஒரு தும்மல். அன்றைக்கு ஊசியைத் தொடவில்லை.

டின்னில் அரிசி எடுக்கப் போன என் வீட்டுக்காரர் கையில் அன்றைக்கென்று பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்துவிட்டு, "இதென்றி, பாப்பா மூஞ்சி அரிசிக்குள்ள கெடக்குது?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். தகட்டைத் திரும்பப் புடவையில் சுற்றினார். அப்புறம், "நீ போடாத. என்ன வந்தாலும் சரி, அதுல கோடு மட்டும் போடாத" என்றார். தைரியம் சொல்வார் என்று பார்த்தால், அவர் என்னைவிடப் பயந்திருந்தார்.

நூல்

வெள்ளிக்கிழமை மேடம் பள்ளிக்குப் போனபின் எனக்கு ஒரு யோசனை வந்தது. அச்சு வேலை தெரிந்த ஒருத்திக்கு மட்டும்தான் அப்படி ஒரு முட்டாள்தனம் தோன்றும்.

தகட்டை டிபன் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தேன். முந்தின நாள் வாங்கிய மல்லிகைச் சரத்திலிருந்து நூலை உருவினேன். இரண்டு துண்டு. நடுவில் நகராமல் இருக்க ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டேன். நூலைக் கறுப்பு மையில் நனைத்தேன். தகட்டுக்கு மை ஏற்றித் துடைத்து, அதன்மேல் நூலை மூலைக்கு மூலை இழுத்து வைத்து, ஈரக் காகிதத்தைப் போர்த்தி, கம்பளியைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன்.

நூல்தானே, நூல்தானே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுற்றினேன். உருளை தகட்டின் நடுவைத் தாண்டும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. நின்றேன். பிறகு மிச்சத்தையும் சுற்றி முடித்தேன்.

காகிதத்தை உரித்தேன். செல்வியின் முகத்தின் குறுக்கே இரண்டு கறுப்புக் கோடு. நடுவில் முடிச்சு இருந்த இடத்தில் ஒரு மைத் திட்டு. பார்த்தால் அசல் ரத்துப் பிரதி. பொய்தான் என்று தெரிந்தும் அந்தப் படத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தகட்டைப் பார்க்கவும் துணிவு இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே துடைத்துப் பையில் போட்டேன்.

சனிக்கிழமை மேடம் பரீட்சைத் தாள் கட்டுகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்து, "ம், சரி, வச்சிடு" என்றார். கையில் வாங்கிப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

திரும்பவும் அந்த நகம்

என்ன தெரிந்திருக்கும்? கீறலுக்குள் இருக்கும் மையை எடுக்கக் காகிதம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும். அதனால் கீறிய கோடு காகிதத்தில் மேடாக எழும்பி நிற்கும். நூல் தகட்டுக்கு மேலே கிடப்பது. அது காகிதத்தைக் குழித்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. தினமும் நகத்தாலும் ஊசியாலும் பல்லில் சொத்தை தேடும் மனிதர் என் சொத்தையைக் கண்டுபிடித்துவிட்டார்.

மேடமும் விரலால் தடவிப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சரசு, தகடு எங்க?"

தகடு என் டிபன் பைக்குள்தான் இருந்தது. மூன்று நாளாக அதை விட்டு நான் நகரவில்லை. எடுத்து மேசையில் வைத்தேன். புடவைத் துணியைப் பிரித்தேன். ஓரிரு அரிசி மேசையில் உருண்டன.

"இது கோடே போடாத தகடு அல்வா?" என்றார் மேடம். அல்லவா என்பது அவர் கன்னடத்தில் அல்வா.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று தெரியாது. குமரேசன், ரேஷன் கார்டு, காய்ச்சல், நூல். நடுவில், "இதுல திருட்டுப் பிரதி ஒண்ணுகூட நான் எடுக்கலீங்க, மாதேஸ்வரன் சத்தியமா எடுக்கலீங்க" என்று மட்டும் மூன்று நான்கு தடவை சொன்னேன். டாக்டர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடத்துக்கு என் மகனைப் பற்றித் தெரியாது. மூன்று வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தும் நான் சொன்னதில்லை.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்வா? ஒரே ஒரு வார்த்தை," என்றார் மேடம். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "நான் என்ன, உன்னைக் கட்டிப்போட்டா கிழிக்கச் சொல்லியிருப்பேன்?"

நான் மேசையில் உருண்ட அரிசியைப் பொறுக்கினேன்.

"ஆனா கோடு போட்டே ஆகணும் சரசு. அதுல மாத்தமில்ல. பதினஞ்சு பேர் என் வார்த்தையை நம்பி வாங்கியிருக்காங்க."

நான் தலையை ஆட்டினேன். மேடம் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"டாக்டர், கோடு எந்த இடத்துல இருக்கணும்னு உங்களுக்கு ஏதாவது இருக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கோடு இருந்தாப் போதுங்க. எங்க இருந்தா என்னங்க. அழிக்க முடியாம இருந்தாச் சரி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தலகாணி இருக்குதில்லீங்க அம்மணி, அதுல போடலாமுங்களே" என்றார்.

எட்டு மாதம். இத்தனை தகட்டைக் கிழித்த எனக்கு, மூலைக்கு மூலை அல்லாமல் வேறு விதமாகவும் கோடு போடலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. பயம் வந்தால் புத்தி அந்த ஒரே தடத்தில்தான் ஓடுகிறது.

ஊசியை நான் எடுக்கப் போனேன். மேடம் என் கையைத் தட்டிவிட்டார். "நீ தகட்டைப் பிடி."

தன் தகட்டில் கோடு போடப் பயந்து தெருமுனைக்கு ஓடும் மனுஷி, அன்று நின்று போட்டார். செம்பில் ஊசி வழுக்கும். ஒரு நூல் பிசகினால் தலையணையிலிருந்து நேராகத் தாடைக்குப் போய்விடும். நான் இரண்டு கையாலும் தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசி முனையையே பார்த்தேன். முதல் கோடு கம்பளி மடிப்பில் நின்றது. இரண்டாவது, காது மடலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. மேடம் ஊசியைப் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்.

முடிந்தது என்று நினைத்தேன். ரத்துப் பிரதி எடுக்க வேண்டுமே. மை ஏற்றித் துடைத்து, நானே சக்கரத்தைச் சுற்றினேன். டாக்டர் காகிதத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ள, நான் உரித்தேன்.

தலையணையில் இரண்டு கறுப்புக் கோடு, நன்றாக மேடாக. முகம் சுத்தமாக இருந்தது. கன்னத்தின் நடுவில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி.

"இது எப்ப வந்துச்சு?" என்றார் மேடம்.

டாக்டர் பையிலிருந்து லென்ஸை எடுத்துத் தகட்டைப் பார்த்தார். "கல்லு குத்துனாப்பல ஒரு குழிங்க. நூலு முடிச்சுல மண்ணு கிண்ணு ஒட்டியிருந்துருக்கும்."

'டிக்' என்று வந்த சத்தம் என் காதில் திரும்பக் கேட்டது. கோடு போடக் கூடாது என்று எட்டு மாதம் ஒளித்து வைத்து, கடைசியில் என் கையாலேயே அவள் கன்னத்தில் குத்திவிட்டேன். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "அட, கண்ணு படாம இருக்கப் பொட்டு வச்சாப்பல இருக்குதுங்க அம்மணி. நல்லதுக்குத்தான் வெய்யிங்க" என்றார். நல்ல மனுஷர். ஆனால் எனக்கு அது பொட்டாகத் தெரியவில்லை. குழியாகத்தான் தெரிந்தது.

டாக்டர் இரண்டாவது ஏபியை எடுத்துக்கொண்டார். இமை முடி வெல்வெட்டாக, கன்னம் சுத்தமாக இருக்கும் பிரதி. போகும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அந்தப் புள்ளி வைத்த ரத்துப் பிரதியையும் கொடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மேடம் முடியாது என்றார். ரத்துப் பிரதி விற்பதற்கில்லை, ஃபைலுக்கு. எனக்குத் தருவார் என்று நானும் ஒரு நொடி நினைத்தேன். தரவில்லை. விதி விதிதான்.

என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. ஆனால் அதற்குப்பின் ஒரு வருஷம் போல, நான் ஃபைலில் வைக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் மேடம் விரலால் தடவிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். வலித்தது. கேட்க எனக்கு வாய் இல்லை.

எந்தக் கன்னம்

"வீட்டுக்குப் போ" என்றார் மேடம். மத்தியானம் மூன்று மணிக்கு வீடு வந்தேன். செல்வி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதேபோல் ஒருக்களித்து. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன்.

அலமாரியில் கண்மை டப்பா இருந்தது. பச்சைக் குழந்தையாக இருந்தபோது வைத்தது, பள்ளிக்குப் போக ஆரம்பித்தபின் நிறுத்திவிட்டோம். விரலில் மையைத் தொட்டுக்கொண்டு குனிந்தேன். குழியாக விழுந்ததைப் பொட்டாக மாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அந்த இடத்திலேயே வைக்க வேண்டும்.

அப்போதுதான் திகைத்தேன். தகட்டில் இருப்பது காகிதத்தில் இடம் வலம் மாறி விழும். மேடம் செல்வியைப் பார்த்து நேராகத் தகட்டில் கீறியவர். அப்படியானால் தகட்டில் குழி விழுந்தது ஒரு கன்னம், காகிதத்தில் புள்ளி விழுந்தது இன்னொரு கன்னம். இதில் எது என் பிள்ளையின் கன்னம்?

மேலே தெரிந்த கன்னத்தில் வைத்தேன். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, தலையணை பட்டுச் சிவந்திருந்த மற்றக் கன்னத்திலும் வைத்தேன். அவள் விழித்துக்கொண்டாள். என் விரலைப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அய்யோ அம்மா, ரெண்டு பக்கமும் எதுக்கு?" என்றாள்.

"எந்தப் பக்கம்னு அம்மாவுக்குத் தெரியல கண்ணு" என்றேன்.